பிறர் மகிழ்வைக் காத்து நிற்கும் வேலை

(நூற்றாண்டு விழாவையொட்டித் திருநெல்வேலியில் நடைபெற்ற பழைய மாணவியர் ஒன்றுகூடலில், 1998ஆம் ஆண்டு உயர்தர வகுப்பின் சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



'தொழிலும் மனநிறைவும்' என்பது எங்களுக்குத் தரப்பட்ட தலைப்பு. வைத்தியர் ஒருவரை மேடையேற்றினால் வைத்தியத்தைப் பற்றித்தான் பேசுவார் என்று சங்கத்தினர் நினைத்திருப்பார்கள். ஆனால் எங்கள் வகுப்புத் தோழிகள் கூடிப் பேசி எடுத்த முடிவு வேறு. கேளிக்கைப் பூங்காவில் வேலை செய்கிறவர்களுக்கு அந்த வேலை மனதில் எதைத் தருகிறது என்பதையே இன்று பேசப் போகிறோம். சிரிக்கிறீர்கள். நாங்களும் முதலில் சிரித்தோம். அந்தச் சிரிப்புக்காக ஒருத்தியிடம் நாங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது. இந்த உரை அதில் ஒரு பகுதி.

நூற்றாண்டு மலருக்காகச் சங்கம் அனுப்பிய விபரப் படிவம் உங்களில் பலருக்கும் வந்திருக்கும். பெயர், கற்ற ஆண்டுகள், வதிவிடம், தொழில். எங்கள் வகுப்பின் படிவங்களைச் சேகரிக்கும் பொறுப்பு எங்களிடம் இருந்தது. வந்தவற்றுள் ஒன்றில் தொழில் என்ற இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. மறந்துவிட்டாளாக்கும் என்று நினைத்து மூன்று பேராகத் தொலைபேசியில் அழைத்தோம்.

"மறக்கேல்லையடி. அதில எழுதுறதுக்கு என்னட்ட என்ன கிடக்கு? நீங்கள் டொக்டர், எஞ்சினியர், பாங்க் மனேச்சர் எண்டு போடுவியள். நான் ராட்டினம் சுத்துறவள் எண்டே போடுறது?" என்றாள்.

நாங்கள் சிரித்துவிட்டோம். பகிடி என்று நினைத்தோம். மறுமுனையில் அவள் சிரிக்கவில்லை.

அவள் திருமணமாகி ஐரோப்பாவுக்குப் போனவள். அங்கே பெரிய கேளிக்கைப் பூங்கா ஒன்றில் பதினொரு ஆண்டுகளாக வேலை செய்கிறாள். எங்கள் வட்ஸ்அப் குழுவில் எத்தனையோ வருடம் இருந்தும் அது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. பிறந்தநாளுக்கு வாழ்த்துவாள், இழவு வீட்டுக்கு அனுதாபம் சொல்லுவாள். தொழிலைப் பற்றிய பேச்சு வந்தால் மறைந்துவிடுவாள். தன் பெயரையும் பூங்காவின் பெயரையும் இங்கே சொல்ல வேண்டாம் என்று கேட்டிருக்கிறாள். மற்றதெல்லாம் அவளின் அனுமதியோடு சொல்லுகிறோம்.

முதலில், எங்கள் வகுப்பு எப்படிப்பட்டது என்று தங்கைமாருக்குச் சொல்ல வேண்டும். 1990க்குப் பிறகு மின்சாரம் இல்லாத யாழ்ப்பாணத்தில் ஜாம் போத்தல் விளக்கில் படித்தவர்கள் நாங்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றிப் பாட்டுக் கேட்டவர்கள். நகரில் சுப்பிரமணியம் பூங்கா என்று ஒன்று இருந்தது, அதில் ஊஞ்சல் ஆடினோம் என்று அம்மாமார் சொல்லுவார்கள். எங்களுக்கு அது கதை. எங்கள் காலத்து விளையாட்டுத் திடல், பாடசாலை வளவின் வேப்பமரமும் அதன் அருகே வெட்டியிருந்த பங்கரும்தான். விமானச் சத்தம் கேட்டால் வரிசையாக இறங்க வேண்டும். சின்னப் பிள்ளைகளை முதலில் இறக்கிவிட்டு ரீச்சர் கடைசியாக இறங்குவார். நாங்கள் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த ஆண்டில்தான், 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி, மழை இருட்டில் வலிகாமம் முழுவதும் எழுந்து தென்மராட்சி நோக்கி நடந்தது. நாவற்குழிப் பாலத்தில் ஓர் அடி வைக்க எவ்வளவு நேரம் பிடித்தது என்பது இங்கே இருக்கும் பலருக்குத் தெரியும்.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பயம் என்றால் என்ன என்று நாங்கள் சிறு வயதிலேயே உடம்பால் படித்துவிட்டோம். அட்ரினலின் சுரக்கும், இதயம் வேகமாக அடிக்கும், உள்ளங்கை வியர்க்கும், வாய் உலரும். ரோலர் கோஸ்ரரில் ஏறி உச்சியில் நிற்கும் பிள்ளைக்கும் இதேதான் நடக்கிறது. உடம்புக்கு இரண்டுக்கும் வேறுபாடு அதிகம் தெரியாது. மனதுக்குத் தெரியும். பங்கருக்குள் இருந்தபோது அது எப்போது முடியும் என்று எங்களுக்குத் தெரியாது. பூங்காவில் ஏறுகிற பிள்ளைக்கு, தானாக விரும்பித்தான் ஏறினோம், மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும், கீழே ஒருவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நிற்கிறார் என்று தெரியும். அதனால்தான் அலறிக்கொண்டு போன பிள்ளை சிரித்துக்கொண்டு இறங்குகிறது.

கீழே நிற்கும் அந்த ஒருவர்தான் எங்கள் தோழி.

"அப்ப உன்ர வேலை என்ன? ஒரு நாளைச் சொல்லு பார்ப்பம்" என்று கேட்டோம். தயங்கித் தயங்கித் தொடங்கியவள் ஒன்றரை மணித்தியாலம் பேசினாள்.

காலையில் பூங்கா திறப்பதற்கு முன்பே போய்விட வேண்டும். தொழில்நுட்பக்காரர்கள் தண்டவாளம், சில்லு, தடுப்பு எல்லாம் பார்த்துக் கையொப்பம் வைப்பார்கள். பிறகு வெறும் பெட்டிகளை ஓட்டிப் பார்ப்பார்கள். கதவு திறந்ததும் சனம் வரும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒவ்வோர் இருக்கையாகப் போய், மடியின் மேல் இறங்கும் இரும்புத் தண்டை அழுத்தி, மேலே இழுத்து, இறுகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கண்ணால் பார்த்தால் போதாது. கையால் இழுக்க வேண்டும். தனது பக்கம் முடிந்ததும் பெருவிரலை உயர்த்துவாள். மறுபக்கத்தில் நிற்பவரும் உயர்த்துவார். இரண்டு கையும் உயர்ந்தால்தான் பொத்தானை அமர்த்தலாம். பத்தாயிரம் தடவை சரியாக இருந்தது என்பதற்காகப் பத்தாயிரத்து ஓராவது தடவை இழுத்துப் பார்க்காமல் விட முடியாது.

இதைக் கேட்டபோது நாங்கள் மூவரும் பேசாமல் இருந்தோம். எங்கள் தொழில் சத்திரசிகிச்சைக் கூடத்தில் மயக்க மருந்து கொடுப்பது. நோயாளி கண்ணை மூடுவதற்கு முன் பெயரையும் சத்திரசிகிச்சை செய்யும் பக்கத்தையும் ஒவ்வாமையையும் வாய்விட்டுச் சொல்லிச் சரிபார்க்கும் பட்டியலை உலக சுகாதார நிறுவனம் 2008இல்தான் உலகத்துக்குத் தந்தது. அது வந்தபோது, எத்தனையோ வருட அனுபவம் உள்ள எங்களுக்குப் பட்டியல் எதற்கு என்று முணுமுணுத்த வைத்தியர்கள் எல்லா நாட்டிலும் இருந்தார்கள். டிஸ்னிலாண்ட் 1955இல் கலிபோர்னியாவில் திறந்தது. அங்கே வேலைக்குச் சேருபவருக்குச் சொல்லிக்கொடுத்த நான்கு கோட்பாடுகளின் வரிசையே ஒரு பாடம்: பாதுகாப்பு, பணிவு, காட்சி, செயற்திறன். மகிழ்ச்சி விற்கிற இடத்திலும் பாதுகாப்புத்தான் முதல்.

"சரி, உனக்கு அதில என்ன சந்தோசம்?" என்று கேட்டோம். அவள் ஒரு பையனைப் பற்றிச் சொன்னாள்.

ஏறுவதற்கு இவ்வளவு உயரம் வேண்டும் என்று வாசலில் அளவுகோல் ஒன்று நிற்கும். அந்தப் பையன் இரண்டு சென்ரிமீற்றர் குறைவு. தகப்பன் வாதாடினார். தூர இருந்து வந்தோம், பிறந்தநாள், இரண்டு சென்ரிமீற்றரில் என்ன வரப்போகிறது என்றார். அவள் தகப்பனோடு வாதாடவில்லை. முழங்காலில் இருந்து பையனின் கண்ணுக்கு நேரே வந்து, "நான் உன்னை ஏத்த மாட்டன். நீ சின்னவன் எண்டதுக்காக இல்லை. இந்தத் தண்டு உன்னை இறுக்கிப் பிடிக்காது. அடுத்த வருசம் வா, நான் இஞ்சதான் நிப்பன்" என்று அந்த நாட்டு மொழியில் சொன்னாளாம். பையன் அழுதுகொண்டே போனான். அடுத்த கோடையில் ஒரு நாள் வரிசையில் நின்ற ஒரு பிள்ளை இவளைக் கண்டதும் ஓடிவந்து அளவுகோலோடு முதுகை ஒட்டி நின்றான். ஏறிப் போய் இறங்கி வந்தபோது கையை நீட்டி இவளின் கையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனான்.

"அவ்வளவுதான். அதுக்குப் பிறகு நான் அவனைக் காணேல்லை. ஆனா அண்டைக்கு முழுக்க எனக்குக் கால் நோகேல்லை" என்றாள்.

மறுத்தவளையே தேடி ஒரு பிள்ளை திரும்பி வந்திருக்கிறது. வைத்தியர்களாகிய எங்களில் எத்தனை பேருக்கு அந்தப் பாக்கியம் கிடைக்கிறது? எங்கள் நோயாளிகள் எங்கள் முகத்தைக் கடைசியாகப் பார்த்துவிட்டுத் தூங்கிப் போகிறார்கள். விழித்ததும் சத்திரசிகிச்சை நிபுணருக்கு நன்றி சொல்லுகிறார்கள். அதில் எங்களுக்குக் குறையில்லை. ஆனால் தான் காத்த மனிதர் சிரிப்பதைத் தன் கண்ணாலேயே, மூன்று நிமிடத்துக்கு ஒரு தடவை, நாள் முழுவதும் காண்பது பெரிய கொடை. விதைத்த அன்றே அறுவடை கிடைக்கும் வேலை உலகில் மிகச் சில.

இந்த வேலையின் மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. ஆர்லி ஹொக்ஷீல்ட் என்ற அமெரிக்க சமூகவியலாளர் 1983இல் எழுதிய நூல் ஒன்றில், விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து, 'உணர்வு உழைப்பு' என்று ஒன்றைப் பெயரிட்டார். கை உழைக்கிறது, மூளை உழைக்கிறது என்பது போல, சிரிப்பதும் பொறுமையாக இருப்பதும் சம்பளத்துக்கான உழைப்பாகும்போது அதுவும் ஆளைக் களைக்க வைக்கும் என்றார். முகத்தால் மட்டும் நடிப்பது ஒன்று. உள்ளத்தையே அந்த உணர்வுக்குக் கொண்டுவந்து சிரிப்பது இன்னொன்று. இரண்டுக்கும் விலை இருக்கிறது. தாதிமாருக்கும் ஆசிரியைமாருக்கும் இதை விளக்கத் தேவையில்லை.

தோழியும் ஒளிக்கவில்லை. நாள் முழுவதும் நிற்க வேண்டும். வெயிலும் மழையும் பாராமல் நிற்க வேண்டும். இத்தொழிலில் பலருக்குக் கோடைகாலத்தில் மட்டும்தான் வேலை. சம்பளம் பெரிதல்ல. வரிசை நீண்டதென்று ஏசுகிறவர்களும் உண்டு. அவளின் அப்பா இங்கே தவறிப்போனபோது வர முடியவில்லை. துக்கம் கழித்து வேலைக்குத் திரும்பிய முதல் நாள், சிரிக்க முடியாது என்று தெரிந்து, சனத்தோடு பேசத் தேவையில்லாத இடத்தில் விடுங்கள் என்று கேட்டாளாம். மேற்பார்வையாளர் ஒப்புக்கொண்டு பொத்தான் அமர்த்தும் அறைக்குள் விட்டார். கண்ணாடிக்குள் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மத்தியானம் வயதான தகப்பன் ஒருவரும் நடுவயது மகளும் ஒரே பெட்டியில் ஏறினார்கள். இறங்கும்போது தகப்பனின் தலைமயிர் காற்றில் எழும்பி நின்றதைப் பார்த்து மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"கண்ணாடிக்குப் பின்னால நானும் சிரிச்சுப் போட்டன். பிறகுதான் அழுகை வந்தது. அதுவரைக்கும் அப்பாவுக்காக நான் வடிவா அழேல்லையடி."

துஷேன் என்ற பிரெஞ்சு நரம்பியல் வைத்தியர் 1862இலேயே எழுதி வைத்தார்: வாயின் ஓரத்தை இழுக்கும் தசை நாம் சொன்னபடி கேட்கும், கண்ணைச் சுற்றியிருக்கும் தசை உண்மையான மகிழ்ச்சிக்குத்தான் இசையும். அவளைச் சிரிக்கச் சொன்னது வேலை. கண்ணால் சிரிக்க வைத்தது எதிரே வந்த மனிதர்கள். இதைச் சாட்டாக வைத்து, மனநிறைவு கிடைக்கிறதுதானே, சம்பளத்தைக் குறைப்போம் என்று எந்த முதலாளியும் சொல்லக் கூடாது. நிறைவு சம்பளத்தின் மேல் கிடைக்க வேண்டியது. அதற்குப் பதிலாகக் கொடுக்கக் கூடியதல்ல.

எங்கள் தோழி ஒருத்தி மட்டுமல்ல. ரொறன்ரோவுக்கு வடக்கே, வோகன் நகரில், 1981இல் திறந்த கனடாஸ் வொண்டர்லாண்ட் இருக்கிறது. அங்கே 2012இல் அமைத்த லெவையதன் என்ற ரோலர் கோஸ்ரர் 93 மீற்றர் உயரம். மணிக்கு 148 கிலோமீற்றர் வேகம். எங்கள் வகுப்புத் தோழிகளின் பிள்ளைகள் இருவர் கோடை விடுமுறையில் அந்தப் பூங்காவில் வேலை செய்தார்கள். தாய்மார் அதைப் 'பொக்கற் காசுக்குச் செய்யிற வேலை' என்று சொல்லிச் சமாளிப்பார்கள். அவர்களில் ஒரு மகள் இப்போது தாதியர் கல்வி பயில்கிறாள். பயந்து உறைந்து நிற்கும் ஒருவரோடு எப்படிப் பேசுவது என்று வகுப்பில் படிக்கும் முன்பே பூங்காவில் படித்துவிட்டேன் என்று தாயிடம் சொல்லியிருக்கிறாள்.

அமெரிக்காவின் சான் அன்ரோனியோ நகரில் 2010இல் திறந்த மோர்கன்ஸ் வொண்டர்லாண்ட் என்ற பூங்காவையும் சொல்லாமல் விட முடியாது. தன் மகளோடு நீச்சல் குளத்தில் மற்றப் பிள்ளைகள் விளையாடத் தயங்கியதைக் கண்ட கோர்டன் ஹார்ட்மன் என்ற தகப்பன் உருவாக்கியது அது. மாற்றுத்திறனாளிகளுக்கு அனுமதி இலவசம். சக்கர நாற்காலியோடு ஏறக்கூடிய ராட்டினம் இருக்கிறது. அங்கே வேலை செய்பவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் அளவில் மாற்றுத்திறனாளிகள். வருகிற பிள்ளை, தன்னைப் போன்ற ஒருவர் சீருடையோடு வாசலில் நின்று வரவேற்பதைக் காண்கிறது. பிறரால் தூக்கி ஏற்றப்பட்டே பழகியவர், அங்கே பிறரை ஏற்றிவிடுகிறவராகிறார். கால் இழந்தவர்களும் கண் இழந்தவர்களும் வீட்டுக்கு வீடு இருக்கும் எங்கள் மண்ணில் இதை ஒரு வெளிநாட்டுப் புதினமாகக் கேட்டுவிட்டுப் போக முடியாது.

எங்கள் பக்கத்திலும் தொடங்கிவிட்டது. ஆனையிறவுக்கு அருகே இயக்கச்சியில், பண்ணையையே சனம் வந்து களிக்கும் இடமாக்கிய றீச்சா இருக்கிறது. இயக்கச்சி அடங்கும் பச்சிலைப்பள்ளிப் பிரிவில்தான் முகமாலையும் இருக்கிறது. அங்கே கண்ணிவெடி அகற்றும் வேலையை எங்கள் பெண்கள் மண்ணில் முழங்காலிட்டு அங்குலம் அங்குலமாகச் செய்தார்கள். சென்ற ஆண்டு வெளிநாட்டிலிருந்து வந்த தோழிகளோடும் பிள்ளைகளோடும் இயக்கச்சிக்குப் போயிருந்தோம். கனடாவில் பிறந்த ஒரு சின்னவள் ஆட்டுக்குக் குழை கொடுக்கப் பயந்து தாயின் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அங்கே வேலை செய்த பிள்ளை ஒருத்தி, இருபது வயதிருக்கும், தன் கையில் குழையை வைத்து அதன் மேல் சின்னவளின் கையை வைத்து நீட்டினாள். "பயப்படாதேங்கோ, நான் பிடிச்சிருக்கிறன்" என்றாள். ஆடு இழுத்தது. சின்னவள் அலறினாள், பிறகு சிரித்தாள், பிறகு இன்னொரு கொப்புக் கேட்டாள். நாங்கள் சின்னவளைப் பார்க்கவில்லை. அந்த இருபது வயதுப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அவளுக்கும் கண்ணால் சிரிக்க வந்தது.

ரீச்சர்மாரே, நீங்கள் எங்களைப் பங்கருக்குள் இறக்கிய நாட்களில் சொன்னதும் அதே சொல்தான். "பயப்படாதேங்கோ பிள்ளையள், நான் நிக்கிறன்." அன்றைக்கு நீங்களும் பயந்திருப்பீர்கள் என்பது எங்களுக்கு இப்போதுதான் விளங்குகிறது. எங்களில் சிலர் அந்தச் சொல்லைச் சத்திரசிகிச்சைக் கூடத்தில் சொல்லுகிறோம். ஒருத்தி அதை வேறொரு மொழியில், ஒரு ராட்டினத்தின் அடியில் நின்று, பதினொரு வருடமாகச் சொல்லிவருகிறாள். அவள் படித்ததும் இந்தப் பாடசாலையில்தான்.

அப்படியானால் அவள் ஏன் அந்த இடத்தை வெறுமையாக விட்டாள்? விழாக்களில், மலர்களில், இந்தப் பாடசாலை இத்தனை வைத்தியர்களைத் தந்தது, இத்தனை பொறியியலாளர்களைத் தந்தது என்று எண்ணி எண்ணிச் சொன்னவர்கள் நாங்கள்தான். பல்கலைக்கழகம் பக்கத்திலேயே இருந்ததால் அந்த வாசலுக்குள் போனவர்களை மட்டும் கணக்கெடுத்தோம். போகாதவர்கள் தாங்களாகவே ஒதுங்கிக்கொண்டார்கள். குழுவில் அவள் மௌனமாக இருந்த வருடங்களில் ஒருமுறையாவது "நீ என்ன செய்யிறாய், எப்படி இருக்கிறாய்" என்று நாங்கள் கேட்கவில்லை. அதற்காகத்தான் மன்னிப்புக் கேட்டோம். "சும்மா போங்கோடி" என்றாள். ஆனால் குரல் மாறியிருந்தது.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். இன்னும் வந்து சேராத படிவங்கள் கனக்க இருப்பதாகச் செயலாளர் சொன்னார். அவற்றில் சில, தொழில் என்ற அந்த ஓர் இடத்துக்காகவே வராமல் இருக்கலாம். கடைகளில், முதியோர் இல்லங்களில், சமையலறைகளில், துப்புரவுப் பணியில், தோட்டத்தில், வீட்டில் பிள்ளைகளோடு இருக்கும் எங்கள் சகோதரிகளை ஒவ்வொரு வகுப்பினரும் தேடி அழைத்துக் கேளுங்கள். தொழிலின் பெயரைக் கேட்பதோடு நிற்காமல், அந்த வேலையில் எது மனதுக்கு நிறைவு தந்தது என்றும் கேளுங்கள். எங்கள் தோழியைப் போல, பலரும் யாராவது கேட்பார்கள் என்று காத்திருக்கக்கூடும்.

அவளின் படிவம் போன கிழமை திரும்பி வந்தது. தொழில் என்ற இடத்தில் தன் கையெழுத்தில் எழுதியிருக்கிறாள்: 'கேளிக்கைப் பூங்காவில் ராட்டின இயக்குநர், 11 வருடம். இதுவரை ஒருவருக்கும் ஒரு கீறலும் இல்லை.' அதை ஒரு சொல்லும் மாற்றாமல் மலரில் போடும்படி செயலாளரைக் கேட்டிருக்கிறோம்.